குச்சி விழுந்த இடம்

கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியே பார்த்தாள். சாக்ஸ் மாமா. கையில் சாக்ஸபோன் பெட்டி இல்லை. நனைந்த தொப்பி மட்டும்.

"அப்பா உங்களை உள்ள விடக்கூடாதுன்னு சொல்லியிருக்கார், மாமா."

"இன்னும் பேசுறானா?"

"உங்களைத் திட்ட மட்டும் தெம்பு இருக்கு."

அப்பா விஷயத்தில் டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். இந்த இருவரின் சண்டைக்கோ அவள் வயது. மாமாவின் முதல் ஜாஸ் ஆல்பத்தில் அப்பாதான் டிரம்ஸ். ஒலிப்பதிவின் நடுவே கை வழுக்கிக் குச்சி கீழே விழுந்தது. மறுபடி பிசிறில்லாமல் வாசித்துக் கொடுத்தார். மாமா அதை ஒதுக்கிவிட்டு, குச்சி விழுந்ததையே வெளியிட்டார். டிரம்ஸ் நின்றுபோன அந்த இடத்தைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். அப்பா அதன்பின் அவரோடு வாசிக்கவில்லை. "என் தப்புக்கு ஊரே கைதட்டுச்சு" என்பார், சோற்றைப் பிசைந்தபடி.

உள்ளே இருமல். "யாரு அது?"

பொய் சொல்லிவிடலாம். வாயில் வரவில்லை.

"சாக்ஸ் மாமாப்பா."

மாமா தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார்.

"வரச் சொல்லு. அந்த ரெக்கார்டைப் போடு. அவனே கேக்கட்டும்."

சங்கிலியைக் கழற்றி மாமாவை உள்ளே விட்டாள். இந்த வீட்டில் அந்த ரெக்கார்டு ஒருநாளும் சுழன்றதில்லை. அலமாரியின் அடியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, முள்ளை வைத்தாள். சாகும் நேரத்தில் இதுவும் ஒரு சண்டையில் முடிந்துவிட்டால்?

அப்பாவின் ஆள்காட்டி விரல் கட்டில் கம்பியில் தாளம் போடத் தொடங்கியது. மாமா உட்காரவில்லை.

"இப்ப வரும்," என்றார் அப்பா. "குச்சி விழுந்துச்சுடா."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன்டா போட்ட?"

"நீ கீழ குனிஞ்சு தேடின. நீ வர்ற வரைக்கும் மூச்சு எடுக்காம ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கண்ணு இருட்டிடுச்சு. வேற யாருக்கும் நான் அப்படி நின்னதில்ல."

"பெரிய தியாகி." அப்பாவின் உதட்டோரம் லேசாகக் கோணியது.

டிரம்ஸ் நின்றது. கம்பியில் விரலும் நின்றது. அந்த ஒற்றைச் சுரம் மட்டும் அறையில் நீண்டுகொண்டே போனது.

பிறகு ரெக்கார்டில் டிரம்ஸ் திரும்பி வந்தது.

அவள் கம்பியைப் பார்த்தாள். விரல் திரும்பி வரவில்லை. நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். கன்னங்கள் உப்பியிருந்தன, அவர் இன்னும் மூச்சை விடவில்லை.