பூட்டிய பக்கம்

ராகினி மலாக்காவுக்கே வேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து கலைமகளுக்குச் சோறு இறங்கவில்லை. கலைமகளின் புருஷன் நிவேந்திரனுக்கு முன்பு பேசி முடித்து, பரிசம் போடுகிற நேரத்தில் சம்பந்தம் நின்றுபோன பெண் அவள்.

"இன்னொரு வாட்டி அவ பேர இழுத்தேன்னா, நான் சிங்கப்பூர் வேலைக்கே ஓடிருவேன்" என்று நிவேந்திரன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்கிறவன்.

ராகினியின் சமூக வலைத்தளப் பக்கமோ பூட்டிக் கிடந்தது. அவளாகச் சேர்த்துக்கொண்டால்தான் உள்ளே பார்க்க முடியும்.

பக்கத்து வீட்டு வாணிதான் வழி காட்டினாள். "இந்த ஆப் இருக்குக்கா. லாக் பண்ணதெல்லாம் தெறந்து காட்டும்லா. உங்க பாஸ்வேர்ட மட்டும் போடுங்க. ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது."

போட்டாள். "காத்திருக்கவும்" என்றது திரை. அவர்கள் குடியிருந்த பாயா ரும்புட்டில் வெயில் சாய்கிற நேரத்தில் படங்கள் மளமளவென்று வந்து விழுந்தன. வெறும் படங்கள்தான், கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை.

கலைமகளின் விரல் நின்றது. ராகினியின் சமையல் மேடையில் ஒரு டிபன் கேரியர். அதன் பக்கவாட்டில் சிவப்பு நகப்பூச்சுப் புள்ளி. கோயிலுக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரம் மாறாமலிருக்க அவளே தன் கையால் வைத்த புள்ளி!

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்த நிவேந்திரனை வாசலிலேயே மடக்கினாள். "என் கேரியர் எங்க?"

"கோயில் அன்னதானத்துல மாறிப்போச்சுன்னு சொன்னேனே?"

"மாறிப்போச்சா, மாத்துனீங்களா?"

"என்ன பேசுற நீ?"

அவள் வாயைத் திறக்கும் முன் அவன் கைப்பேசி கிணுகிணுத்தது. படித்தான். புருவம் ஏறியது.

"ராகினி. கோயில் குரூப்புல என் நம்பர் எடுத்தாளாம். நீ அவளுக்கு ரிக்வெஸ்ட் அனுப்பினியா?"

"நானா?"

"'கலை அக்கா கேட்டதும் சேத்துக்கிட்டேன், ரொம்ப சந்தோஷம். கோயில்ல எங்கிட்ட மாறி வந்த கேரியர் யாரோடதுன்னு படம் போட்டிருந்தேன். உங்க பக்கத்து வீட்டு வாணிதான் உங்களோடதுன்னு சொன்னா'ன்னு போட்டிருக்கா."

கலைமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஆப் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அவள் பெயரிலேயே போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. ராகினியே திறந்துவிட்டிருக்கிறாள்.

நிவேந்திரன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். கல்யாணமான புதிதில் பார்த்த பார்வை. "நீயா கேட்டியா கலை? உனக்கு இவ்ளோ பெரிய மனசா! நாந்தான் உன்னத் தப்பா நெனச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொல்லட்டுமா?"

உண்மையைச் சொன்னால் புருஷன் சிங்கப்பூரில். சொல்லாவிட்டால் ராகினி சாப்பாட்டு மேசையில்.

"வரச் சொல்லுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "கோழிப் பெரட்டல் வச்சிரலாம்."

"ஐயோ, அவ கோழி தொடமாட்டா! நண்டுன்னாதான் உயிரு. நானே உம்பாய் மீன் சந்தைக்குப் போய் வாங்கிட்டு வரேன்." அவன் விரல்கள் அதற்குள் பதில் தட்டத் தொடங்கியிருந்தன.

கலைமகள் அந்த விரல்களையே பார்த்தாள்.

"நல்ல பெரிய நண்டா பாத்து வாங்குங்க" என்றாள். "ஒடைக்க என் கை துறுதுறுங்குது."