கை நனைத்த நாவல்பழச் சத்து

குடல் புற்றுநோய்ச் செல்களைக் கொல்ல அனுப்பப்படும் ஆன்டிஆக்சிடன்ட், அந்தச் செல்களின் வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் தின்றுவிட்டாலும் உறவாகிவிடும். உறவுக்காரரைக் கொல்வது முறையில்லை. பாளையங்கோட்டை ஆய்வுக்கூடங்களில் வழக்கம் இதுதான்.

அன்று காலை இசக்கியம்மாள் அனுப்பியது நாவல்பழத் தோலிலிருந்து எடுத்த சத்து. கண்ணாடித் தட்டில் இருந்தவை அவளுடைய சித்தப்பா சுடலைக்கண்ணுவின் குடலிலிருந்து வந்த செல்கள். தட்டில் காரியம் முடிந்தால்தான் சத்தைச் சித்தப்பாவின் வயிற்றுக்குள் அனுப்ப முடியும். அவர் வெளியே பெஞ்சில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

மத்தியானம் சத்து திரும்பி வந்தது. வாயோரத்தில் ஏதோ மினுங்கியது.

"சாப்டியால?"

"இல்லக்கா. தண்ணி மட்டுந்தான்."

"கையக் காட்டு."

சத்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. இசக்கி குனிந்து மோந்து பார்த்தாள். நெய், ஏலக்காய். கேசரியேதான்.

"தண்ணியில எவம்ல முந்திரி போடுதான்?"

சத்து கூரையைப் பார்த்தது.

மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். செல்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. ரொம்ப ஒழுங்காக, வரிசையாகச் செத்துக் கிடந்தன. அவளுக்கு அதுவே சரியாகப் படவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் தட்டில் காதை வைத்தாள்.

"சாப்டியால? கையக் காட்டு," என்றது உள்ளே ஒரு குரல், அச்சு அசலாக அவளைப் போலவே. கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. "ஏ, மெதுவா! மாப்ளைய மாட்டி விட்றாதிய."

இசக்கி வெளியே போனாள்.

"என்னட்டி, தீந்துச்சா?" என்றார் சித்தப்பா.

"சம்பந்தம் பேசிட்டு வந்திருக்கு."

"யாரு வீட்ல?"

"ஒங்க வீட்லதான்."

சித்தப்பா வயிற்றைத் தடவிக்கொண்டார். "அப்பக் கல்யாணத்த முடிச்சிரு. எங் கல்யாணத்துல எங்க பெரியப்பாவப் பந்தியிலருந்து எழுப்பி விட்டுட்டாவ. மனுசன் சாகுற வரைக்கும் பச்சத்தண்ணி வாங்கல எங்கிட்ட. அந்த ரத்தந்தான இதுவும்?"

சாயங்காலம் தட்டிலேயே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களாக வெங்காயச் சத்தும் மஞ்சள் சத்தும் வந்திருந்தன. தாலி ஏறியதும் பந்தி. செல்களிலேயே மூத்த பெரியப்பா இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது இசக்கி பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எந்திரிங்க. இது மாப்ள வீட்டுக்குப் போட்ட எல."

பெரியப்பா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். ஓரமாகப் போய், ரோஷத்தில் வெடித்தார்.

"பெரியப்பாவுக்கே இந்த மரியாதையா?" என்று அடுத்தது வெடித்தது. பிறகு பந்தி பந்தியாக. மணப்பெண் கடைசி.

இசக்கி நம்பவில்லை. கேசரிக் கிண்ணத்தை அவற்றின் மூக்கருகே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் அசையவில்லை. அவள் குரலில் யாரும் பேசவுமில்லை. மாப்பிள்ளையையும் அவர் வீட்டாரையும் ஊசியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் மண்ணீரல், வெளுத்த வேட்டி கட்டி, சந்தனம் இட்டு நின்றுகொண்டிருந்தது.

"மாப்ளைக்கு ஒரு தங்கச்சி உண்டாமே?" என்றது. "சாதகம் கொண்டாந்திருக்கேன்."

சித்தப்பா நகர்ந்து அதற்கு இடம் கொடுத்தார்.