எழுபத்தெட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு விமானம்

ஷம்சாத் பதினாறு வருடமாகக் கடலின் அடித்தரையைப் பார்ப்பதையே வேலையாகக் கொண்டவள். ஆனால் ஒரு தடவைகூடக் கப்பலில் போனதில்லை. ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் வீடு, இருபது நிமிட டிரைவில் அலுவலகம், செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்தே வேலை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் ஒரு கப்பல் சோனார் கருவியை இழுத்துக்கொண்டு போகும். அது அனுப்பும் ஒலி தரையில் பட்டுத் திரும்பி, பழுப்பு நிறப் படமாக அவள் திரைக்கு வந்து சேரும். குழாயோ கேபிளோ போடப்போகிற பாதையில் பாறை இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, எந்தக் காலத்திலோ அறுந்த நங்கூரம் கிடக்கிறதா என்று அவள் குறித்துக் கொடுப்பாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை வந்தது ஏட்ரியாட்டிக் கடல். இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் நடுவே மின்கேபிள் போடுகிறார்கள். மைல் கணக்கில் வெறும் சேறு. கண் சோர்ந்துபோய் டீயை எடுக்கக் கை நீட்டியவள், நீட்டிய கையோடு அப்படியே நின்றாள். சேற்றின் நடுவே ஒரு சிலுவை வடிவம். கோடு பிசகாத நேர்த்தி. பாறை இப்படி நேராக இருக்காது.

சோனார் படத்தில் உயரமான பொருளுக்குப் பின்னால் நிழல் விழும். ஷம்சாத் பொருளை விட்டுவிட்டு நிழலைப் பார்த்தாள். வால் பக்கம், அடுத்தடுத்து நிமிர்ந்து நிற்கும் இரண்டு தகடுகளின் நிழல். குறுக்குக் கோட்டை அளந்தாள். முப்பத்து மூன்றரை மீட்டர். அதன்மேல் நான்கு புடைப்புகள், பக்கத்துக்கு இரண்டாக.

பள்ளிக்கூடம் லீவு என்று வீட்டிலிருந்த மகள் ஃபைஹா, பாலில் ஊறிய சீரியல் கிண்ணத்தோடு பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாம், இஸ் தட் எ பிளேன்? இட் லுக்ஸ் பார்க்ட்."

நிறுத்திவைத்த மாதிரிதான் இருந்தது.

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டாம் உலகப் போரில் தெற்கு இத்தாலியிலிருந்து குண்டு போடக் கிளம்பிய அமெரிக்க விமானங்களில் பி-24 என்று ஒரு ரகம். நான்கு இன்ஜின், இரட்டை வால், சிறகின் அகலம் முப்பத்து மூன்றரை மீட்டர். உள்ளே பத்துப் பேர். மரணச் செய்திக்குச் சொல்லும் இன்னாலில்லாஹியை அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

மேனேஜர் சுவாமிநாதனுக்கு போன் போட்டாள். கோயம்புத்தூர்க்காரர், கறாரானவர், கப்பலின் அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போனாலும் தூக்கம் வராது.

"ஷம்சாத், debris-னு மார்க் பண்ணிட்டு ரூட்டை இருநூறு மீட்டர் தள்ளிடுங்க. போதும்."

"உள்ள ஆள் இருக்கலாங்க."

"எண்பது வருஷம் ஆச்சு."

"ஆனா அது உடையல. நீங்க ஒருதடவை படத்தைப் பாருங்களேன். வியாழக்கிழமை அந்தப் பக்கமாத்தான் கேமரா ரோபோவை இறக்கறாங்க. நாற்பது நிமிஷம் கேட்டுப் பாருங்க. எதையும் தொட வேண்டாம். பார்த்தா போதும்."

மறுமுனையில் மவுஸ் தட்டும் சத்தம் கேட்டது. படத்தைத் திறந்திருக்க வேண்டும். "மெயில் அனுப்பறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை வீடியோ வந்தது. ஷம்சாத் அலுவலகம் போய், மீட்டிங் அறையின் பெரிய திரையில் போட்டாள். சுவாமிநாதன் கதவோரமாக, போகிற போக்கில் பார்ப்பவர் போலத்தான் நின்றார்.

ரோபோவின் விளக்கில் பச்சைத் தண்ணீரும், தண்ணீரில் பறக்கும் தூசியும் தெரிந்தன. பிறகு சட்டென்று ஒரு சிறகு. சிப்பியும் பாசியும் மூடியிருந்தாலும் அதன் விளிம்பு கோடு போட்டதுபோல் போய்க்கொண்டே இருந்தது. முடியவே இல்லை. இவ்வளவு பெரியதா என்று ஷம்சாத் மலைத்துப்போனாள். திரையில் அளந்தது வேறு, இது வேறு. கூரைப் பக்கம், ரப்பர் படகு வைத்திருக்கும் அறையின் மூடி திறந்து கிடந்தது. அறை காலி. யாரோ வெளியே வந்திருக்கிறார்கள்.

கேமரா இடது பக்க இன்ஜின்களைக் கடந்து, சுற்றி, வலது பக்கம் வந்தது.

"நிறுத்துங்க!" சுவாமிநாதன் திரைக்கு முன்னால் வந்துவிட்டார். "பின்னாடி போங்க. இடது பக்கம். ம்... அந்த propeller-ஐப் பாருங்க."

இடது பக்கத்து இரண்டு இன்ஜின்களிலும் விசிறி இதழ்கள் வளையாமல், கத்தி முனைபோல் முன்னோக்கித் திரும்பி நின்றன. வலது பக்கத்து இரண்டிலும் இதழ்கள் வாழைப்பழத் தோல்போல் பின்னால் சுருண்டிருந்தன.

சுவாமிநாதன் வார இறுதிகளில் சின்ன விமானம் ஓட்டுபவர், லைசென்ஸ் வைத்திருப்பவர். அது ஷம்சாத்துக்குத் தெரியும். ஆனால் அவர் குரல் இப்படி இறங்கி அவள் கேட்டதில்லை.

"சுருண்டிருக்கறது தண்ணியில அடிக்கும்போது சுத்திட்டு இருந்திருக்கு. நேரா நிக்கறது ரெண்டும் செத்த இன்ஜின். காத்து தடுக்கக் கூடாதுன்னு விமானியே திருப்பி வச்சுட்டார். ரெண்டும் ஒரே பக்கம், ஷம்சாத். வலது பக்கம் மட்டும் இழுக்குது. சும்மா விட்டா இடது பக்கமாப் புரட்டிப் போட்டுடும்." வலது காலை முன்னால் நீட்டி, தரையை அழுத்தி மிதித்துக் காட்டினார். "இப்படி. முழு பலத்தோட. எத்தனை நிமிஷம் மிதிச்சாரோ. நான் ட்ரெய்னிங்ல சின்ன விமானத்துல ரெண்டு நிமிஷம் பண்ணினேன், தொடை நடுங்கிடுச்சு. இது முப்பதாயிரம் கிலோ."

"தண்ணியில இறக்கினா இந்த ரகம் ரெண்டா உடைஞ்சுடும்னு படிச்சேன்."

"உடையும். வேகம் குறைய சிறகுக்குப் பின்னாடி இருக்கற flaps-ஐ இறக்கி, சிறகை மட்டமா வச்சு, வயித்தால இறக்கியிருக்கார். எப்படி இறக்கினார்னு எனக்குப் புரியல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது நிமிட வீடியோவை இருவரும் மூன்று தடவை பார்த்தார்கள். அன்று மதியச் சாப்பாட்டை இருவருமே மறந்துவிட்டார்கள்.

வாலில் பாசி உரிந்த இடத்தில் மூன்று எண்கள் தெரிந்தன. காணாமல் போன ராணுவத்தினரைத் தேடும் அரசு அலுவலகத்துக்கு எல்லாவற்றையும் அனுப்பினார்கள். பதில் வர ஐந்து மாதம் ஆனது. 1944 அக்டோபரில் திரும்பி வராத விமானம். ஏழு பேரை ஒரு மீன்பிடிப் படகு காப்பாற்றியது. தப்பியவர்கள் சொன்ன இடம் முப்பது கிலோமீட்டர் பிசகியதால் பிறகு யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்று பேர் வெளியே வரவில்லை. அவர்களில் ஒருவர் விமானி, லெப்டினன்ட் எமில் ஹோலுபெக். டெக்சாஸ்காரர், வயது இருபத்து மூன்று. கடைசி வரை அவர் எங்களிடம் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார், தண்ணீர் தொடப்போகிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் என்று தப்பியவர்களில் ஒருவர் எழுதிக்கொடுத்திருந்தார்.

அவருக்கு ஒரு மகள் இருந்தாள். அரசு அலுவலகம் முறைப்படி செய்தி சொன்ன பிறகு, விமானத்தை முதலில் பார்த்தவரைச் சந்திக்க வேண்டும் என்று அந்த மகளே கேட்டாராம்.

"அவங்க வீடு எங்க தெரியுமா? இதே ஐ-டென் ஹைவேல மேற்கே ஒரு மணி நேரம்" என்றாள் ஷம்சாத் கணவனிடம்.

"நான் டிரைவ் பண்றேன்" என்றான் சிராஜ்.

சனிக்கிழமை காலை போனார்கள். வெள்ளை மரவீடு, சுற்றிலும் புல்வெளி. விமானியின் மகள் லோரீனுக்கு எண்பத்தொரு வயது. அப்பா இறந்தபோது எட்டு மாதக் குழந்தை. ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து ஷம்சாத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆங்கிலத்தைத் தெற்கத்தி இழுவையோடு மெதுவாகப் பேசினார்.

"அப்பாவோடு விமானத்தில் இருந்தவர் ஒருத்தர் 1946-ல் எங்கள் வீட்டைத் தேடி வந்தாராம். அம்மா கதவைத் திறக்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தந்தியில் இருந்த வரிகள்தான். நானாகக் கற்பனை செய்துகொள்வேன். வானத்திலேயே வெடித்திருக்கும், தலைகீழாக விழுந்திருக்கும் என்று."

ஷம்சாத் மடிக்கணினியை மேசைமேல் வைத்தாள். நேராக நிற்கும் இதழ்களையும் சுருண்ட இதழ்களையும் காட்டி, சுவாமிநாதன் சொன்னதையெல்லாம் சொன்னாள். திறந்து கிடந்த படகு அறையைக் காட்டினாள். லோரீன் விரலைத் திரையில் வைத்து, சிறகின் விளிம்போடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கொண்டுபோனார்.

"அப்படியானால் அவர் விழவில்லை" என்றார் கடைசியில். "இறக்கியிருக்கிறார்."

"ஆமாம். ஏழு பேர் அதனால்தான் பிழைத்தார்கள்."

"இருபத்து மூன்று வயது. என் பேரனுக்கு இருபத்தாறு. காரைப் பின்னால் எடுக்கத் தெரியாது." சிரிக்க ஆரம்பித்தவருக்கு அழுகை வந்துவிட்டது. சிராஜ் எழுந்துபோய்ச் சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த கோடையில் முக்குளிப்பவர்கள் வருவார்கள், எலும்பு கிடைத்தால் மேலே கொண்டுவரலாமா என்று மூன்று குடும்பத்தையும் கேட்டிருக்கிறார்கள் என்றார் லோரீன். மற்ற இரண்டு குடும்பமும் சரி என்றுவிட்டன. அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

"அங்கே முழு இருட்டா?"

ஷம்சாத் வீடியோவின் கடைசிப் பகுதிக்குப் போனாள். வேலை முடிந்து கிளம்பும் முன், கப்பலிலிருந்து ரோபோவை இயக்கியவர், என்ன தோன்றியதோ, விளக்குகளை அணைத்திருந்தார். முதலில் கறுப்பு. பிறகு கேமரா பழகப் பழக, மேலேயிருந்து இறங்கும் நடுப்பகலின் நீலம். அந்த நீலத்தில் விமானம் முழுவதுமாக, இரண்டு சிறகும் விரிந்து, வால்கள் நிமிர்ந்து, ஒரே உருவமாகத் தெரிந்தது. சிறு மீன்கள் அதன்மேல் கூட்டமாகத் திரும்பின.

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூவரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். படம் முடிந்து திரை நின்றது.

"இன்னொரு தடவை" என்றார் லோரீன்.