வெடி அடங்கிய பட்டறை

மரப்பட்டறை மேஸ்திரிக்கு வேலையாட்கள் வைத்திருந்த பெயர் வெடி. முகத்துக்கு நேரே மேஸ்திரி, முதுகுக்குப் பின்னால் வெடி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ரம்பத்தில் நிற்பவனுக்கும் அவருடைய திட்டு ஒரு எழுத்து சிந்தாமல் போய்ச் சேரும். வட்ட ரம்பத்தின் பற்களுக்கு மேலே ஓர் இரும்பு மூடி கவிந்திருக்கும். அது இருந்தால் அறுக்கிற கோடு சரியாகத் தெரியாது, வேலை இழுக்கும். ஆகவே எல்லோருக்கும் அதைத் தூக்கிவிட்டு அறுக்க ஆசை. தூக்கினால் போச்சு, அப்பன் பாட்டன் வரைக்கும் போய்விட்டு வருவார். மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வர வேண்டுமானால் அவருக்குப் பல்வலி வர வேண்டும் என்பார்கள். ஆனால் ஒன்று, அவர் மேஸ்திரியான பிறகு அங்கே ஒருவனுக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

வீட்டிலும் அதே வாய்தான். வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வர அது என்ன செருப்பா? உப்பு குறைந்தால் கத்தல், கதவு கிரீச்சிட்டால் கத்தல். ஒருநாள் மாலை குளியலறை வெகுநேரம் பூட்டியே கிடக்க, தட்டித் திறக்கச் சொன்னார். உள்ளே வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து மகள் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் இப்படித்தான்," என்றாள் மனைவி. "நீங்க சாப்பிட்டுப் படுக்கிற வரைக்கும் அவ அங்கதான் இருப்பா. இன்னொரு தடவ கத்துனீங்க, நான் அவளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிடுவேன். சும்மா மெரட்டுறேன்னு நெனைக்காதீங்க."

பெற்ற பிள்ளை தன்னிடமிருந்து ஒளிந்துகொள்ளத் தாழ்ப்பாளைத் தேடுகிறாள் என்றால் எந்தத் தகப்பனுக்குத்தான் தாங்கும்?

பக்கத்துத் தெருவில் தையல் கடைக்கு மேலே ஒரு மாடியறை. அங்கே ஞாயிறுதோறும் ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் புத்தர் வழித் தியானம் சொல்லிக்கொடுத்தார். மேஸ்திரி போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தார். "கோபத்த அடக்கவும் வேணாம், அது பின்னாடி ஓடவும் வேணாம்," என்றார் அந்த அம்மா. "ஒடம்புல எங்க ஏறுதுன்னு பாருங்க. கோபம், கோபம்னு மனசுக்குள்ள பேர் சொல்லுங்க. வந்தது தானாப் போயிடும். இங்க ஒக்காந்து பண்றதெல்லாம் ஒத்திகை. வீட்லயும் வேலையிலயும் பண்றதுதான் நெசத் தியானம்."

எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடி பிடிக்கிற ஆள் அவர். பல் தேய்க்கும்போது தேய்க்கிறேன், தேய்க்கிறேன். தட்டைக் கழுவும்போது ஈரம், ஈரம். பேருந்தில் ஒருவன் காலை மிதித்துவிட்டான். வலி, வலி என்று இவர் கண்ணை மூடி நின்ற நிலையைப் பார்த்து, மிதித்தவன் பயந்துபோய் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டான். வீட்டில் மகள் கொஞ்சநாள் வேவு பார்த்தாள். பிறகு குளியலறையை விட்டு வெளியே வந்து, கூடத்தின் அந்த மூலையில் உட்கார்ந்து படித்தாள். ஒருநாள் பக்கத்திலேயே வந்து, "அப்பா, இந்தக் கணக்கு வரமாட்டேங்குது," என்றாள். அன்று அவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷம், சந்தோஷம் என்று பேர் சொல்லக்கூட மறந்துபோனது.

"வெடி நமுத்துப் போச்சுடா!" என்று பட்டறையில் முதலில் அறிவித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவர்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டவர். அவரிடம் அதிகமாகத் திட்டு வாங்கியவனும் அவன்தான். நல்ல கைக்காரன், ஆனால் அவசரக் குடுக்கை. மூடியைத் தூக்குவதிலும் அவன்தான் முதல். மேஸ்திரி பக்கத்தில் போய் நின்று, மூச்சை இழுத்து விட்டு, "மூடியப் போட்டுக்க மாப்ள," என்று சாந்தமாகச் சொல்வார். பஞ்சு வைத்த காதில் அது எங்கே ஏறும்? அந்த இரைச்சலில் அன்பாகப் பேசினால் யாருக்கும் கேட்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கத்தினால் அது அன்றைக்கே அக்காள் காதுக்குப் போய்விடும் என்பதும் தெரியும்.

அந்த மதியம் மச்சினன் சன்னச் சட்டங்களை அறுத்துக்கொண்டிருந்தான். மூடி தூக்கியிருந்தது. தள்ளுகட்டை தரையில் கிடக்க, வெறுங்கையால் தள்ளினான். எதிர்ப்பக்கம் நின்று சட்டங்களை வாங்கிக்கொண்டிருந்தார் மேஸ்திரி. ரம்பத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மச்சினன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

அவருக்கு நெஞ்சுக்குழியில் சூடு கிளம்பியது. பிறகு கழுத்தில், பிறகு காதுமடலில். டேய் நாயே, மூடியப் போடுடா என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடிக்கவில்லை, விழுங்கவுமில்லை. நர்ஸம்மா சொன்னபடி பார்த்தார். கோபம், கோபம். காதிலிருந்து இறங்கியது. கழுத்திலிருந்து இறங்கியது. நெஞ்சில் கொஞ்சநேரம் நின்று, அப்படியே கரைந்துபோனது. இவ்வளவு சுத்தமாக அவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை. அடேங்கப்பா, என்று உள்ளுக்குள் பூரித்துப்போனார். மச்சினன் குனிந்து சட்டத்தைத் தள்ளினான்.

மரத்தில் ஒரு கணு இருந்தது. ரம்பம் அதைக் கவ்விச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. தள்ளிக்கொண்டிருந்த கை அதே வேகத்தில் பற்கள் மேல் போய் விழுந்தது.

மேஸ்திரி பொத்தானை அமுக்கினார். ரம்பம் நின்ற பிறகுதான் மச்சினனின் அலறல் மற்றவர்களுக்குக் கேட்டது. மரத்தூளுக்குள் விரல்களைத் தேடி எடுத்ததும் மேஸ்திரிதான்.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீங்க எங்க நின்னுக்கிட்டிருந்தீங்க?"

"எதிர்லதான்."

"மூடி தூக்கியிருந்தது தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் கத்தல?"

"கோபம் வந்துச்சு. அதப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"அதப் பாத்தீங்களா? எந்தம்பி கையப் பாக்கலியா?" அவள் குரல் உடைந்தது. "கத்தித் தொலச்சிருக்கக் கூடாதா? ஐயோ, எனக்குப் பயந்துக்கிட்டா வாய மூடிக்கிட்டு நின்னீங்க? என் வாய் வச்ச வெனையா இது?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் பழியில் பாதி அவள் தலையில் இறங்கியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. "இல்ல. அந்த நேரத்துல நீ ஞாபகத்துலயே இல்ல. கோபம் எறங்குறது நல்லாயிருந்துச்சு. அதுலயே நின்னுட்டேன்."

அவள் எழுந்துபோய் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியறைக்குப் போய் நடந்ததைச் சொன்னார். நர்ஸம்மாவின் முகம் வெளுத்தது. "கோபத்தப் பாத்தீங்க, சரி. அது எதக் காட்டுறதுக்கு வந்துச்சுன்னும் பாத்திருக்கணும். பாத்துட்டு, செய்ய வேண்டியதச் செஞ்சிருக்கணும்," என்றவர், "அத நான் சொல்லிக் குடுக்கல. நீங்க நல்லா வர்றீங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்," என்றார். மேஸ்திரி அன்று உட்காரவில்லை. படியிறங்கி வந்துவிட்டார். அதன்பிறகு எங்கேயும் தியானத்தில் உட்காரவில்லை. கண்ணை மூடினாலே மரத்தூள்தான் தெரிந்தது.

மச்சினன் வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனார். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு அவன் சுவரில் சாய்ந்திருந்தான். தூங்காத கண்.

"மாமா, இல்லாத வெரலு வலிக்குது," என்றான். "ரெண்டும் மடங்கிப்போய் நிமித்த முடியாத மாதிரி. மாத்திரைக்கும் கேக்கல. வலியப் பாக்கறதுன்னு ஒண்ணு கத்துக்கிட்டீங்களே, அத எனக்குச் சொல்லிக் குடுங்க."

"அது வேணாம் மாப்ள."

"உங்களையே மாத்திடுச்சே! எனக்கு மட்டும் கேக்காதா?"

இவனிடம் யாரும் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிந்தது. சொல்லாமல் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் புரிந்தது. "மூடி தூக்கியிருந்தத நான் பாத்தேன்," என்றார். "பாத்துட்டு சும்மா நின்னேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"நீங்க பாத்தது. நான் ஒங்க மூஞ்சியத்தான பாத்தேன்? எத்தன வருசமா அதப் பாத்துத்தான மாமா மூடியத் தூக்குறதும் போடுறதும்? அன்னிக்குச் செவந்துச்சு. சரி, வெடிக்கப் போவுது, மூடிரலாம்னு இருந்தேன். அப்புறம் அப்படியே தெளிஞ்சு போச்சு. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு. ஒண்ணுமில்லபோலன்னு தள்ளிட்டேன்."

உலகத்தில் இருக்கிற திட்டையெல்லாம் அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"விடுங்க," என்றான் மச்சினன், பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப வலிக்குது. சொல்லிக் குடுங்க."

அவர் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ண மூடாத," என்றார். "எங்க வலிக்குதுன்னு காட்டு."

அவன் இடதுகை விரலால், கட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லாத இடத்தைத் தொட்டுக் காட்டினான். மேஸ்திரி அந்த இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.