அரைக் கட்டை

பாட்டின் முதல் பன்னிரண்டு வரிகளுக்கு வாத்தியம் கிடையாது, வெறும் குரல்கள்தான். பதின்மூன்றாவது வரியில் நான் கீபோர்டில் சேர வேண்டும். அதுவரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலாவது வரியிலேயே சுருதி இறங்க ஆரம்பித்துவிட்டது. காரணம் அக்காதான். தோளைத் தூக்கி மூச்செடுப்பாள். அந்த மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். வரி முடியும் முன்பே தீர்ந்துபோய், கடைசி ஸ்வரம் மயிரிழை தாழும். எங்கள் பள்ளிக் குழுவிலேயே பெரிய குரல் அவளுடையது. மற்ற இருபது பேரும் அவளைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவார்கள். அவள் இறங்கினால் எல்லாரும் இறங்குவார்கள்.

இதைப் பாட்டு டீச்சரிடம் போட்டுக்கொடுத்தது நான்தான். மூன்று நாள் முன்பு டீச்சர் அவளைத் தரையில் படுக்கவைத்து, வயிற்றின்மேல் ஒரு நோட்டை வைத்து, "நோட்டு ஏறி எறங்கணும், தோள் அசையக் கூடாது" என்றார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. ஒரே அறையில் படுத்துக்கொண்டு, "அம்மா, அவள லைட்ட அணைக்கச் சொல்லு" என்று கத்துகிறாள்.

எட்டாவது வரி. குழுவுக்கு எதிரே நின்ற டீச்சரின் உள்ளங்கை மேலே மேலே எழும்பியது. யாரும் ஏறவில்லை. ஐந்து கட்டை சுருதியில் தொடங்கியவர்கள் நாலரைக்கு வந்துவிட்டார்கள். நான் சரியான சுருதியில் வாசித்தால் இருபத்தோரு பேரும் அபஸ்வரமாகிவிடுவார்கள். நான் சொன்னது சரிதான் என்று அரங்கமே கேட்கும். ஒரு நிமிஷம் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

நாலரையில் வாசிக்கக் கறுப்புக் கீகளில் எனக்கு விரல் ஓடாது. சுருதி மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு தொடங்கியபின் அதைத் தொட்டால் குழுவே போட்டிக்கு வெளியே என்று காலையில்தான் நடுவர் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டாவது வரியில் அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. தோள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

பொத்தானை அழுத்தினேன். சின்னத் திரையில் சிவப்பாக '-1' என்று எரிந்தது, அரைக் கட்டை இறக்கம். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தேன். குரலும் கீபோர்டும் ஒட்டிக்கொண்டன.

கைதட்டல் அடங்குவதற்குள் நடுவர் அம்மா படியேறி நேராக என்னிடம் வந்தார். சுருதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்திருந்தேன். இப்போது கையை நீட்டினால் பார்த்துவிடுவார்.

"அஞ்சு கட்டையிலதானேம்மா ஆரம்பிச்சீங்க?"

அக்கா வரிசையை விட்டு வந்து, கீபோர்டில் சாய்வதுபோலத் திரையின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"ஆமா மேடம். எனக்கு மூச்சு பத்தல. நான்தான் எறக்கிட்டேன்."

"நீ எறக்குன, சரி. இது எப்படிம்மா உன்கூடச் சேர்ந்து எறங்குச்சு?"

அக்கா கையை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தினாள். அவள் விரலிடுக்குகள் சிவப்பாக ஒளிர்ந்தன.