மஞ்சள் பூசிய கரை

விஜயராணி யார் பேச்சையும் கேட்கமாட்டாள் என்று அந்த ஊரில் ஒரு பெயர் இருந்தது. அது பாதிதான் உண்மை. ஏரியைத் தூர்வாரிக் கரை கட்டிய இரண்டு வருஷமும் அவள் எல்லார் பேச்சையும் கேட்டாள். கிழக்குக் கரை விஷயத்தில் மட்டும்தான் பிடிவாதம்.

கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்கள் குறுக்கே புகுந்து போகும் ஊர் அது. ஏரி குளங்களைச் சீரமைக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையில் அவள் இன்ஜினியர். ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து போவாள். மூன்று பக்கமும் கரையை உயர்த்திக் கல் பதித்தாகிவிட்டது. கிழக்கே இருந்தது பழைய செம்மண் மேடு. அதை ஓராள் உயரத்துக்குச் செங்குத்தாகச் செதுக்கி, சுவர் மாதிரி அப்படியே வெறுமனே விட்டாள். அடிமண் கரையாமலிருக்கத் தேங்காய்நார் உருளைகளைப் பதித்து வெட்டிவேர் நட்டாள். எல்லாம் பஞ்சுருட்டானுக்காக. மரத்தில் கூடு கட்டாமல், மண்சுவரில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் பச்சைக் குருவி அது. மண் அள்ளும் லாரிகள் வந்தபோது அந்த மேட்டைவிட்டு ஓடிப்போன கூட்டத்தைத் திரும்ப வரவழைக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேலைத் திட்டத்தில் அது ஒரு வரி. அவளுக்கு அதுதான் வேலையே.

"மூணு பக்கமும் வேட்டி சட்டை போட்டு உட்டுட்டு, இந்தப் பக்கம் மட்டும் கோவணத்தோட நிக்க வெச்சிருக்கீங்களே மேடம்" என்றார் வார்டு மெம்பர் ரெங்கராஜ். நல்ல மனிதர்தான். கல் பதிக்காத கரை அவர் கண்ணுக்குக் கரையே இல்லை, அவ்வளவுதான்.

முதல் பங்குனியிலேயே குருவிகள் வந்துவிட்டன. சுவர் முழுக்க வளைகள். விஜயராணி சோறு தண்ணி மறந்து எதிர்க்கரையில் உட்கார்ந்து பார்த்தாள். தட்டானைக் கவ்வி வந்து, வளைக்குள் புகுந்து, வெறும் அலகோடு வெளியே வரும். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த வீரம்மாளிடம் சொன்னாள். வீரம்மாள் வளைகளைப் பார்த்துவிட்டு, "பாம்பு வருங்களே மேடம்" என்றாள்.

ஊரே அதைத்தான் சொன்னது. மேய்ச்சலுக்குப் போன கன்றுக்குட்டி ஒன்று வாயில் நுரை தள்ளிச் செத்ததும் பேச்சு முற்றிவிட்டது. காலையில் ஜேசிபி வரும், சுவரைச் சரித்துக் கல் பதித்துவிடலாம் என்று ரெங்கராஜ் முடிவாகச் சொன்னார். உள்ளே குஞ்சு இருக்கிறது என்று விஜயராணி மன்றாடினாள். "குருவி பெருசா, புள்ளைங்க உசுரு பெருசா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியவள் ஸ்கூட்டரை நிறுத்தினாள். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள்தூளும் குங்குமமும் பையில் இருந்தன. சுவரடியில் கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி வைத்தாள். ஏரித் தண்ணீரில் மஞ்சளைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, வேப்பங்கொத்து ஒன்றைச் செருகினாள். திருட்டுத்தனம் செய்கிற குழந்தை மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

காலையில் ஜேசிபிக்காரர் கல்லைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார். இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். "நமக்கு எதுக்குங்க வம்பு, புத்துமாரி இருக்கா" என்று வந்த வழியே போய்விட்டார். அதற்கப்புறம் அந்த மண்ணில் யாரும் கைவைக்கவில்லை. குஞ்சுகள் பறந்தன. பாடமாகப் படித்ததெல்லாம் சாதிக்காததை ஒரு சிட்டிகை மஞ்சள் சாதித்துவிட்டதே என்று விஜயராணி நினைத்து நினைத்துச் சிரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பது தெரிந்த ஊரில் பிறந்தவள்தான். இருந்தும் அன்று அது நினைவுக்கு வரவில்லை.

அடுத்த பங்குனிக்கு இரண்டு பங்கு குருவிகள் வந்தன. சமயபுரத்தாள் பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கும் மாதம் அது. மஞ்சள் சேலைக் கூட்டம் சாரி சாரியாக அந்த வழியே நடந்தது. விஜயராணிக்குத் தொட்டியம் பக்கத்தில் வேறு ஏரி வேலை. ஒரு வாரம் கழித்துத்தான் வந்தாள்.

சுவருக்கு எதிரே மின்கம்பியில் குருவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் தட்டான். ஒன்றும் உள்ளே போகவில்லை. புளித்த பால் வாடை அடித்தது. கிட்டே போனவளுக்கு முதலில் புரியவில்லை. ஒவ்வொரு வளை வாயிலும் ஒரு கோழிமுட்டை செருகியிருந்தது. அளவெடுத்துச் செய்த மூடி போல அவ்வளவு கச்சிதமாக. சுற்றிலும் மஞ்சள் விழுது. கை எட்டாத வளைகளுக்கு யாரோ பெஞ்சு கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

புற்றைக் கண்டால் பால் வார்ப்பதும் முட்டை வைப்பதும் இந்த மண்ணின் வழக்கம். அவள் அம்மாவே வைப்பாள். இது தனக்கு எப்படித் தோன்றாமல் போனது? விஜயராணி ஒரு முட்டையைப் பிடுங்கினாள். உள்ளிருந்து எறும்புச் சாரை வெளியே வந்தது. அடுத்ததிலும் எறும்பு. அதற்கடுத்ததில் கையை வைத்தபோது வீரம்மாள் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"எடுக்காதீங்க மேடம். அது நேர்த்திக்கடன்."

"உள்ள குஞ்சு சாவுது வீரம்மா."

"மொத முட்ட என்னுதுங்க. எம் பொண்ணு ஜோதிக்கு டெங்கு வந்து பெரியாஸ்பத்திரில கண்ணத் தொறக்காம கெடந்தா. இங்க வந்து மடிப்பிச்ச கேட்டேன். மறுநா கஞ்சி கேட்டா மேடம்."

அவள் கண் நிறைந்திருந்தது. விஜயராணி வேறு வழி தெரியாமல் பழைய வழிக்கே போனாள். "அம்மன் என் கனவுல வந்தா. பால் வேணாம், முட்ட வேணாம், கல்லுக்கு மட்டும் பூவப் போடுங்கன்னு சொன்னா."

வீரம்மாள் அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். "சாமி விஷயத்துல பொய் சொல்லாதீங்க மேடம். பாவம்."

அதற்குமேல் விஜயராணியால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னாள். ஜேசிபி வருவதற்கு முந்தின சாயங்காலம், மார்க்கெட் மஞ்சள், நிமிர்த்தி வைத்த கல் எல்லாவற்றையும். "நான் வெச்ச வெறுங்கல்லு அது. சாமியெல்லாம் இல்ல."

பொய்யைக் கண்டுபிடித்தவள் உண்மையையும் கண்டுகொள்வாள் என்று நம்பினாள். வீரம்மாள் கண்டுகொண்டாள். கோபமே வரவில்லை அவளுக்கு. மஞ்சள் படிந்த விஜயராணியின் விரல்களை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க எங்க வெச்சீங்க? ஒங்க கையால அவ வெச்சுக்கிட்டா."

சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. ரெங்கராஜே நேரில் வந்து கைகூப்பினார். போன வருஷம் இடிக்கச் சொன்னதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாள் முட்டைகள் கூடின.

சித்திரைக்குள் குருவிகள் போய்விட்டன. ஊற்றிய பாலிலும் தண்ணீரிலும் சுவர் ஊறிச் சரியத் தொடங்கியது. அம்மன் சரியலாமா? ரெங்கராஜ் ஆள் வைத்துச் சுவர் முழுக்கக் கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டி, தகரக் கூரை இறக்கினார். வெட்டிவேரைப் பிடுங்கிவிட்டுப் படி கட்டினார்கள். அறக்கட்டளை ஆட்சேபித்து எழுதியது. யாரும் பதில் போடவில்லை. ஊரும் ஏரியும் கோயிலும் நன்றாகத்தான் இருந்தன. குருவி மட்டும்தான் இல்லை.

அடுத்த பங்குனியில் கும்பாபிஷேகம். வரக்கூடாது என்றுதான் விஜயராணி இருந்தாள். வீரம்மாளும் ஜோதியும் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கே வந்து தாம்பூலம் வைத்து அழைத்தார்கள். நோயிலிருந்து எழுந்த அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

கோயில் வளைவுக்குமேல் இரண்டு பறவைகளைச் சுதையில் செய்து வண்ணம் தீட்டியிருந்தார்கள். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு. கிளிகள்.

"ஒங்களுக்குக் குருவின்னா உசுரு இல்ல? அதான் மேடம், ஒங்களுக்காகவே வெக்கச் சொன்னேன்" என்றார் ரெங்கராஜ். அவர் குரலில் கேலி துளிகூட இல்லை.

அவள் மின்கம்பியை ஒருமுறை பார்த்தாள். வெறுமையாக இருந்தது.

கூட்டம் விலகி வழிவிட்டது. முதல் மஞ்சள் அவள் கையால்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. வீரம்மாள் குழைத்த மஞ்சள் கிண்ணத்தை நீட்டினாள். அந்தக் கல்லுக்குக் கண்மலர் சாத்தியிருந்தார்கள். வெள்ளிக் கண்கள் நேராக அவளையே பார்த்தன. விஜயராணி செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து பூசினாள். முன்பொருநாள் பூசிய கை அல்லவா, நன்றாகவே பூசியது.