கண்ணம்மாள் வரும் நேரம்

சாயங்காலம் ஆள்களெல்லாம் கிளம்பிப் போய், மிஷின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் கண்ணம்மாள் வருவாள். மாரப்பன் மாடிக் கட்டிலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். கீழே அவருடைய பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிள் பக்கமிருந்து கத்தரிச் சத்தம் நிதானமாகக் கிளம்பும். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் பிசிறை வெட்டுகிற சத்தம். இருந்த காலத்தில், முதலாளி பெண்டாட்டி என்ற பவிசு எதுவும் இல்லாமல், தினமும் அந்த நேரத்தில் அவள் அதைத்தான் செய்வாள். செத்து மூன்று வருசமாகியும் வேலையை விட்டபாடில்லை.

அவர் ஒருநாளும் இறங்கிப் போய்ப் பார்த்ததில்லை. பார்த்தால் போய்விடுவாள் என்று பயம். ஊரில் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதர் இந்த விசயத்தில் மட்டும் பச்சைப்பிள்ளை. மகள் மதுமதி கீழே பின்கட்டில் சமைத்துவிட்டுத் தட்டோடு மேலே வருவாள். உங்கம்மா வந்துவிட்டுப் போனாள் என்பார். அவள் தட்டை அவர் முன்னால் நகர்த்துவாள். இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுப்பார்.

அம்மா சாவு, அப்பா உடம்பு என்று வந்த வரனையெல்லாம் தள்ளிக்கொண்டே போய் முப்பதைத் தொட்டுவிட்ட பெண் மதுமதி. எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அங்கே துணி வெட்டும் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஜெயபாண்டியைக் கட்டிக்கொள்ள விரும்புவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சொன்னபோது, மாரப்பனுக்குக் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. விருதுநகர்ப் பக்கத்துப் பையன், வேறு சனம், நாளைக்குச் சொந்தபந்தத்தின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினார். அதெல்லாம் பொய்யில்லை. ஆனால் உள்ளே அரித்த சங்கதி வேறு. பெண் முகத்தைப் பார்க்கத்தானே கண்ணம்மாள் வருகிறாள்? இவள் போய்விட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்? இதை எந்த வாயால் சொல்வது?

மதுமதி எதிர்த்துப் பேசவில்லை, விட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மிஷின் வாங்குவதென்றாலும் கண்ணம்மாள் வெள்ளகோவில் பக்கத்துக் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்காமல் செய்ய மாட்டாள். அங்கே கேட்போம், வருகிற வாக்குக்கு இரண்டு பேரும் கட்டுப்படுவோம் என்றார். அம்மா வழி என்றதும் பெண்ணும் சரியென்றாள்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, இன்னொன்றில் சிவப்பு. இலையில் ஒரே மாதிரி கட்டி அம்மன் காலடியில் வைக்க வேண்டும். பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் சம்மதம், சிவப்பு என்றால் வேண்டாம். மிச்சப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, அது சாமிக்கு. அந்த வழக்கத்தை நம்பித்தான் மாரப்பன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கோயில் மரத்துக்குப் பின்னால் நின்று, இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டினார்.

சிவப்பு வந்தது. மதுமதி கும்பிட்டாள், திருநீறு பூசிக்கொண்டாள், "சரிங்கப்பா" என்றாள். வீட்டுக்கு வந்தபின், ஜெயபாண்டியிடம் பேசிவிட்டதாக மட்டும் சொன்னாள். என்ன பேசினாள் என்று கேட்கும் துணிச்சல் இவருக்கு இல்லை.

அன்று சாயங்காலம் கத்தரிச் சத்தம் கேட்கவில்லை.

மறுநாளும் இல்லை. அமாவாசைக்குப் படைத்தும் இல்லை. ஆள்கள் போனபின் கீழே கிடக்கும் அமைதி படியேறி வந்து கட்டிலைச் சுற்றி நிற்பது போலிருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டார், தெருக்கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். கடைசியில் இத்தனை நாள் பயந்ததையும் மீறி இறங்கிப் போய் டேபிளருகே நின்றார். வெட்டாத பிசிறுகளோடு பனியன்கள் குவிந்து கிடந்தன. சாமியையே பொய்ச்சாட்சிக்கு இழுத்தவனிடம் கண்ணம்மாள் எப்படி வருவாள் என்று அவருக்குப் புரிந்தது.

அன்று மதுமதி தட்டை வைத்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணு, நான் பாவம் பண்ணீட்டேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வெச்சேன். அதுக்குத்தான் உங்கம்மா கோவிச்சுக்கிட்டு வரமாட்டேங்கறா."

மதுமதி மற்றக் கையால் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"தெரியுமுங்கப்பா. மிச்சப் பொட்டலத்த அன்னைக்கே, நீங்க முன்னால போனதும், பிரிச்சுப் பாத்துட்டனுங்க. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்."

அவர் தலை நிமிரவில்லை. சொல்லியாயிற்று, இனி உங்கம்மா வந்துவிடுவாளல்லவா என்று குழந்தை மாதிரி முனகினார். மதுமதி கீழே அவர் காலருகே உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அது நானுங்கப்பா. அம்மா போன புதுசுல, பீஸ் கெடக்குதேன்னு ஒரு நாள் உக்காந்து பிசிறு வெட்டுனேன். மேல வந்தா, அம்மா வந்தான்னு சொல்றீங்க. அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்புட்டீங்க. எப்படிங்க சொல்றது? அரிசிய ஒலைல போட்டுட்டுப் போயித் தெனமும் வெட்டுனேன். பூக் கேட்டு வந்ததுக்கப்புறம் கத்தரியத் தொடக் கை வரலீங்க."

மாரப்பனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப உங்கம்மா ஒரு நாள்கூட வரலியா கண்ணு?"

"இல்லீங்கப்பா."

சுடுகாட்டில் அழாத மனிதர் அன்றைக்கு அழுதார். மதுமதி தேற்றவில்லை. அவர் முழங்காலில் தலையைச் சாய்த்து அவளும் அழுதாள். ஓய்ந்தபின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டார். காத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வரச்சொல்லு. நான் ஒருத்தன்தான் இருக்கறேன்னு சொல்லு."